கோவமே வராத மனுஷன்

— அந்த ஃபிரிட்ஜை யாரு நிறுத்தினது?

— நான்தான் அண்ணி. அதோட உறுமல் மைக்ல ஏறுது. பத்து நிமிஷம், அவ்வளவுதான். பால் ஒண்ணும் கெட்டுடாது.

— ஃபேனையும் நிறுத்திட்டே, ஜன்னலையும் சாத்திட்டே. நான் மூச்சு விடற சத்தம் ஏறினா என்ன பண்ணுவே தம்பி? அதையும் நிறுத்தச் சொல்லுவியா?

— ஐயோ அண்ணி! நீங்க மூச்செல்லாம் தாராளமா விடலாம். சிம்பிள் விஷயம் இது. சோபாவுல நடுவுல உக்காருங்க. கேமராவைப் பாக்காதீங்க, பக்கத்துல என்னைப் பாருங்க. ஒரே ஒரு வரி. "இருபத்தாறு வருஷமா இவரோட குடும்பம் நடத்தறேன். ஒருநாள்கூட இவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்ல." சொல்லிட்டு லேசா ஒரு சிரிப்பு. அதோட உங்க வேலை முடிஞ்சுது.

— இதை நான் சொன்னா அவருக்கு ஓட்டு விழுமா?

— இது மட்டும் போனா விழாது. இது முடிஞ்ச கையோட, அண்ணனை எதிர்த்து நிக்கிற அந்த நர்ஸம்மா வருவா. இருங்க, லேப்டாப்பை உங்க பக்கம் திருப்பறேன். தெரியுதா? ஆஸ்பத்திரி கமிட்டிக் கூட்டம். தலைவர் நாற்காலியில நம்ம அண்ணன். எதிர்ல அவ. மேஜையை அடிக்கிறா பாருங்க. இப்ப ஒரு நோட்டைத் தூக்குவா... தூக்கிட்டா... வீசிட்டா! அண்ணன் காதை ஒட்டிப் பறக்குது. அண்ணன் கண்ணைக்கூட சிமிட்டல. கிளாஸை எடுத்து ஒரு வாய் தண்ணி குடிக்கிறார். கோடி கொடுத்து நடிக்க வெச்சாலும் இப்படி ஒரு சீன் கிடைக்காது அண்ணி. கீழ எழுத்து ஓடும்: "தன்னையே அடக்கத் தெரியாதவர் ஊரை ஆளப் போகிறாராம்."

— நீயே யோசிச்சதா?

— நானேதான்.

— தெரியுது. அவ வாய் அசையுதே, என்ன சொல்றா?

— அதுக்கு மேலதான் டம் டம்னு மியூசிக் போட்டிருக்கேனே.

— மியூசிக் இல்லாம போடு.

— எதுக்கு அண்ணி? கத்தறா. கத்தறதுல கேக்க என்ன இருக்கு?

— இந்த வீட்ல இருபத்தாறு வருஷமா யாரும் கத்தினதில்லன்னு நீதானே எழுதிக் கொடுத்திருக்கே. எப்படித்தான் இருக்கும்னு கேட்டுப் பாக்கறேன். போடு.

— சரி, உங்க ஆசை. இந்தாங்க.

— "நாலு தடவை"ங்கறா, காதுல விழுந்துதா? "நாலு தடவை போன் பண்ணேன். வண்டி எங்க நின்னுச்சுன்னு நீங்களே படிங்க"ங்கறா. வீசினது டிரிப் நோட்டு. ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு எங்க போச்சுன்னு டிரைவர் எழுதி வெக்கிற நோட்டு.

— எந்த நோட்டா இருந்தா என்ன அண்ணி? பறக்கறப்ப எல்லா நோட்டும் ஒண்ணுதான்.

— அவ கத்தறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? இது பாதியிலேர்ந்து ஆரம்பிக்கிற மாதிரி இருக்கே.

— முன்னாடி ஒரு ஆறு நிமிஷம் சும்மா பேசிட்டிருந்தா. அமைதியா, பேப்பரைப் பாத்துப் பாத்து, தேதி, நேரம்னு ஏதோ. கொட்டாவி வரும். அதைத் தூக்கிட்டேன்.

— ஆறு நிமிஷம் அமைதியா பேசினதைத் தூக்கிட்டு, பதினஞ்சு செகண்ட் கத்தினதை மட்டும் வெச்சுக்கிட்டே.

— ஜனங்களோட ஞாபகமே பதினஞ்சு செகண்டுதான் அண்ணி. ஆறு நிமிஷம் கேக்கற பொறுமை இருந்தா அவங்க ஏன் நம்மளுக்கு ஓட்டுப் போடப் போறாங்க?

— ஒண்ணு கேக்கறேன். இதே மேஜையை ஒரு ஆம்பளை அடிச்சிருந்தா?

— "பொறுத்தது போதும்"னு போட்டு, சிங்கம் உறுமற சத்தத்தைச் சேர்த்திருப்பேன்.

— அவ கத்தாம அழுதிருந்தா?

— "இவரால் தாங்க முடியுமா?"

— சிரிச்சிருந்தா?

— "பொறுப்பில்லாதவர்." சும்மா உக்காந்திருந்தா "கல்நெஞ்சு." சிம்பிள் அண்ணி. மனுஷ மூஞ்சி ஏதாவது ஒண்ணு பண்ணித்தானே ஆகணும்? என்ன பண்ணினாலும் அதுக்கு என்கிட்ட ஒரு வரி இருக்கு. போன தேர்தல்ல ஒரு பெரியவர். பாவம், ரொம்ப யோசிச்சு யோசிச்சுப் பதில் சொல்லுவார். அவர் யோசிக்கிற இடைவெளியை மட்டும் வெட்டி ஒட்டினேன். நாற்பது செகண்ட், வாயைத் திறந்துக்கிட்டு மேல பாத்துட்டே இருப்பார். ஊரே சிரிச்சுது. அப்புறம் அவர் வீட்டை விட்டு வெளியிலயே வரலையாம்.

— இதை ஏதோ மெடல் வாங்கின மாதிரி சொல்றே.

— தொழில் அண்ணி. முன்னாடி கல்யாண வீடியோ எடுத்துட்டிருந்தேன். அங்கயும் இதேதான். பொண்ணு அழுதுட்டே இருந்தாலும் நடுவுல ஒரு செகண்ட் சிரிச்சிருப்பா இல்ல, அதை எடுத்து முதல்ல வெச்சிடுவேன். பேசிட்டே இருந்தா வெளிச்சம் போயிடும். ஆரம்பிக்கலாமா? முந்தானையைக் கொஞ்சம் சரி பண்ணிக்குங்க. ரெடி. பேசுங்க.

— இருபத்தாறு வருஷமா இவரோட குடும்பம் நடத்தறேன். ஒருநாள்கூட இவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்ல.

— பிரமாதம்! ஆனா சிரிப்பு வரலையே. செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு. மனசுலேர்ந்து சொல்லுங்க. அண்ணனைப் பத்தி ஏதாவது ஒண்ணை நினைச்சுக்கிட்டு சொல்லுங்க. மறுபடியும், ரெடி.

— இருபத்தாறு வருஷமா இவரோட குடும்பம் நடத்தறேன். ஒருநாள்கூட இவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்ல. எங்க பொண்ணு, அவளுக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னா. அப்பவும் இவர் கோவப்படல. "நல்லதும்மா"ன்னு சொல்லிட்டு சாப்பிடப் போயிட்டார். மூணு வருஷமா அவ ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்றா. இவர் எடுப்பார். எடுத்து மேஜை மேல வெச்சிடுவார். கட் பண்ண மாட்டார், அது மரியாதை இல்ல பாருங்க. அவ "அப்பா, அப்பா"ன்னு பேசிட்டே இருப்பா. இவர் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிப்பார். அவளே ஓஞ்சு போய் வெக்கணும். நான் எடுத்துப் பேசினா, என்னையும் ஒண்ணும் சொல்ல மாட்டார். ஒரு மாசம், ரெண்டு மாசம் நான் இந்த வீட்ல இருக்கறதே அவர் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

— அண்ணி, அண்ணி... நான் சொன்ன வரியோட நிறுத்துங்க.

— மனசுலேர்ந்து சொல்லச் சொன்னியேப்பா.

— சொன்னேன். அதுக்காக இப்படியா? சரி விடுங்க, முதல் வரி நல்லா வந்திருக்கு. அதுக்கப்புறம் வர்றதை வெட்டிடுவேன். வாய் உங்களுது, கத்தரி என்னுது. என்ன வேணா பேசுங்க, எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. ஆனா அந்தச் சிரிப்பு மட்டும் வேணும்.

— அப்ப கேமராவை நிறுத்தாதே. இன்னும் ஒரு தடவை சொல்றேன்.

— ஓடிட்டிருக்கு. சொல்லுங்க.

— போன வருஷம், நாலாம் மாசம். இவரோட பொதுக்கூட்டம். நாற்காலி ஏத்த வண்டி கிடைக்கலன்னு ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸை வரச் சொன்னார். இதோ இந்த ஜன்னலைத் தொறந்தா தெரியற முற்றத்துலதான் நின்னுது. உள்ள ஸ்ட்ரெச்சரை எடுத்துட்டு பிளாஸ்டிக் நாற்காலியா அடுக்கியிருந்தாங்க. டிரைவர் வேப்ப மரத்தடியில துண்டை விரிச்சு உக்காந்திருந்தான். காலையில பத்தே கால் இருக்கும், முதல் போன் வந்துது. நான்தான் எடுத்தேன். "அம்மா, நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து நர்ஸ் பேசறேன். மலையடிவாரத்துல ஒரு பொண்ணுக்கு வலி எடுத்திருக்கு, குழந்தை குறுக்க கிடக்குதாம். வண்டியை மட்டும் அனுப்பச் சொல்லுங்க"ன்னா. நான் இவர்கிட்ட போய்ச் சொன்னேன். இவர் கண்ணு மேல ஈரத்துணி போட்டுப் படுத்திருந்தார். சாயங்காலம் மேடையில மூஞ்சி பளிச்சுனு இருக்கணும்ல? "தூங்கறேன்னு சொல்லு"ன்னார். சொன்னேன்.

— அண்ணி, இது...

— இரு. ரெண்டாவது தடவை பத்தரைக்கு. மூணாவது பதினொண்ணேகாலுக்கு. நாலு தடவையும் அவ குரல் ஒரே மாதிரி இருந்துது தம்பி. ஒரு சொல்லு தடிச்சு வரல. "சிரமப்படுத்தறேன், மன்னிச்சிடுங்க அம்மா"ன்னுகூட சொன்னா. நானும் ரொம்ப மரியாதையா "ஐயா தூங்கறாரும்மா"ன்னு சொன்னேன். நாங்க எல்லாருமே அன்னைக்கு ரொம்ப அமைதியா இருந்தோம். கடைசியில அந்தப் பொண்ணை மாட்டு வண்டியில கொண்டு வந்திருக்காங்க. தாய் பிழைச்சா. குழந்தை இல்ல. வாசலுக்குப் போய் அந்த டிரைவர்கிட்ட "நாற்காலியை இறக்கிட்டுக் கிளம்பு"ன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபது அடி தூரம். சொல்லல. இவர் மூஞ்சியை அடுத்த ரெண்டு மாசம் பாக்கணுமேன்னு இருந்துட்டேன்.

— குழந்தை விஷயம் எனக்குத் தெரியாது அண்ணி. டிரிப் நோட்டுன்னு மட்டும்தான்... இதையெல்லாம் ஏன் என்கிட்ட சொல்றீங்க? எடிட் பண்றப்ப கை ஓடாது.

— ஏன் ஓடாது? பெரியவர் விஷயத்துல ஓடுச்சே.

— அவர் ஓட்டுலதான் தோத்தார். இது வேற.

— அவர் வீட்டை விட்டு வெளியில வரலன்னு நீதானே சொன்னே.

— அண்ணி, நான் கூலிக்கு மாரடிக்கிறவன். இது பிடிக்கலன்னா அண்ணன்கிட்ட சொல்லுங்க. கார் சத்தம் கேக்குது, அவரே வந்துட்டார்.

— வரட்டும். கதவைத் தொற, வேர்க்குது.

— என்னப்பா தம்பி, முடிஞ்சுதா? வீடே அடுப்பு மாதிரி இருக்கே. ஃபேனைப் போடு.

— வாங்கண்ணே. ஒரு வரி கிடைச்சிருக்கு. ஆனா அண்ணி கொஞ்சம்... அதிகமா பேசிட்டாங்க.

— அதிகமான்னா?

— நாலு போன் வந்த கதையைச் சொன்னேங்க. தூங்காமலே நீங்க தூங்கினீங்களே, அந்தக் கதை.

— உக்காரும்மா. எதுக்கு நிக்கிறே? குரலை உயர்த்தாதே.

— நான் உயர்த்தலையே.

— பாத்தியா தம்பி? உயர்த்தலைங்கறா. அவளுக்கே தெரியல, பாவம். பொண்ணு போனதுலேர்ந்து இப்படித்தான். ராத்திரியில தூக்கம் இல்ல. நடக்காததெல்லாம் நடந்த மாதிரி தோணுது. நான் யார்கிட்டயும் சொல்லிக்கிறதில்ல, குடும்ப விஷயம்.

— அண்ணே, அண்ணி இவ்வளவு நேரம் நல்லாத்தானே பேசிட்டிருந்தாங்க. தேதி, மணி எல்லாம் சொன்னாங்களே.

— நல்லாப் பேசறவங்களுக்குத்தான்பா இது வருதாம். நம்ம டாக்டர் சொன்னார். அவர்கிட்ட போன வாரமே பேசிட்டேன். ஒரு சீட்டு எழுதித் தரேன்னார். தேர்தல் முடியற வரைக்கும் தோட்டத்து வீட்ல போய் ஓய்வா இருக்கட்டும்.

— போன வாரமா? நான் வாயைத் தொறந்தது இன்னைக்குத்தானே. அதுக்கு முன்னாடியே எனக்கு வியாதி வந்துடுச்சா?

— வருமுன் பாத்துக்கறதுதாம்மா அக்கறை. தம்பி, இவ பேசினதெல்லாம் கேமராவுல இருக்கா?

— இருக்குண்ணே. அழிச்சிடட்டுமா?

— சேச்சே, எதுக்கு அழிக்கணும்? பத்திரமா வை. பின்னாடி எங்கயாவது போய் ஏதாவது சொன்னான்னா தேவைப்படும். எந்த இடத்துல வெட்டணும், கீழ என்ன எழுத்து ஓடணும், அதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தரணுமா?

— ...வேண்டாம்ணே. தெரியும்.

— தெரியும்னு சொல்றப்ப என்னைப் பாத்துச் சொல்லு தம்பி. எனக்கு என்ன வரி வெச்சிருக்கே? "பாவம், தாங்க முடியல"யா? இல்ல, "கட்டின புருஷனுக்கே துரோகம்"ஆ?

— அண்ணி, என்னை விட்டுடுங்க. நான் கூலிக்காரன்.

— நீ அவனைத் திட்டாதம்மா. உன் கோவமெல்லாம் என் மேல இருக்கட்டும், நான் தாங்கிக்குவேன். சரி தம்பி, லைட்டெல்லாம் மடக்கு. இந்த வீடியோவே தேவைப்படாது போலிருக்கு.

— ஏண்ணே? நாளைக்குக் காலையில விட்டா பத்து மணிக்குள்ள ஊர் முழுக்கப் போயிடும்.

— யாரை எதிர்த்து விடுவே? மூணு மணியோட மனு வாங்கறது முடிஞ்சுது. அந்த நர்ஸம்மா கட்சி இல்லாம நிக்கிறவ. தொகுதிக்குள்ள ஓட்டு இருக்கற பத்து பேர் முன்மொழிஞ்சு கையெழுத்துப் போட்டாத்தான் அவ மனு செல்லும். ஒன்பது பேர் போட்டுட்டாங்க. பத்தாவதா போடறேன்னு சொன்னவன் இஸ்திரிக் கடைக்காரன். காலையில அவனுக்குத் திடீர்னு வயித்து வலி. படுத்துட்டான்.

— மிரட்டிட்டீங்களாண்ணே?

— என்னப்பா பேச்சு இது? நான் யாரையாவது மிரட்டி நீ பாத்திருக்கியா? நம்ம பசங்க போய், "அண்ணே, உங்க கடை லைசென்ஸ் எந்த மாசம் முடியுது?"ன்னு சிரிச்ச முகமா கேட்டிருக்காங்க. தேதி கேக்கறது தப்பா? நாளைக்கு மனுவைப் பாக்கறப்ப ஒன்பதுதான் இருக்கும். தள்ளுபடி. எதிர்த்து நிக்க ஆளில்ல. அவ மறுபடியும் மேஜையை அடிச்சுக்கட்டும், நான் தண்ணி குடிச்சுக்கறேன்.

— அப்ப என் சம்பளம்...

— உனக்கு ஒண்ணும் குறை வைக்க மாட்டேன். நீயும் கவலைப்படாதம்மா. இனிமே நீ வெளியில போய் என்ன சொன்னாலும் அதைக் கேக்கறதுக்கு ஒரு தேர்தல் இல்ல. அதனால நிம்மதியா தோட்டத்துக்குப் போ. நல்ல காத்து.

— காலையில குளியலறையிலேர்ந்து நீங்க போன்ல பேசினது எனக்குக் கேட்டுச்சுங்க. "பத்தாவது கையெழுத்துப் போடறவன்கிட்ட கோவமா பேசாதீங்கடா, லைசென்ஸ் தேதியை மட்டும் கேளுங்க"ன்னு சொன்னீங்க.

— சொன்னேன். அதுல என்ன?

— கண்ணாடிக் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு பன்னெண்டு மணிக்குக் கிளம்பினேன். நீங்ககூட "நல்லது, போயிட்டு வா"ன்னீங்க.

— ஆமா. கண்ணாடி எங்க?

— வாங்கல. மனு வாங்கற ஆபீஸுக்குப் போனேன். வராண்டாவுல அந்த நர்ஸம்மா பெஞ்சுல உக்காந்து மணியைப் பாத்துட்டிருந்தா. என்னை அடையாளம் தெரியல அவளுக்கு. வாயைத் தொறந்து ரெண்டு வார்த்தை பேசினேன், குரலை வெச்சுக் கண்டுபிடிச்சிட்டா. எழுந்து நின்னுட்டா. கத்துவான்னு நினைச்சேன். அடிச்சாலும் வாங்கிக்கத்தான் போயிருந்தேன். ஆனா அவ தள்ளி உக்காந்து, பக்கத்துல உக்காரச் சொல்லி இடம் விட்டா.

— அண்ணே, உக்காருங்கண்ணே. கையில இருக்கற தண்ணி கிளாஸ் கீழ விழுந்துடப் போகுது.

— நீ... அங்க எதுக்குப் போனே?

— இப்ப யாரு குரல் உயருது? தம்பி, கேமராவை மடக்கிட்டியா என்ன? உள்ள இருந்த ஆபீஸர் அம்மா ரொம்ப நிதானமானவங்க. "யாரும் வற்புறுத்தலையே, சுயநினைவோடதானே வந்திருக்கீங்க?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. ஆமான்னு எழுதி, மணி பன்னெண்டு நாற்பதுன்னு போட்டு, கையெழுத்து வெச்சுக் கொடுத்துட்டேன். உங்க டாக்டர் சீட்டு எந்தத் தேதியில வேணா வரட்டும்.

— என்னடி எழுதிக் கொடுத்தே? சொல்லித் தொலை!

— மனுவுல பத்தாவது வரியில என் பேரு இருக்குங்க. பக்கத்துல கணவர் பெயர்னு ஒரு கட்டம் இருந்துது, அதுல உங்க பேரைத்தான் எழுத்துப்பிழை இல்லாம எழுதியிருக்கேன்.